ஏழாவது லாரி

அந்தக் கட்டுமானக் கம்பெனியில் அவளுக்கு முகத்துக்கு நேரே அக்கா என்று பெயர், முதுகுக்குப் பின்னால் அரைச்சட்டி என்று பெயர். ஒரு தடவை சுவர்ப்பூச்சுக்குத் தேவையான கலவையைக் கணக்குப் போட்டு, "நாற்பத்தொன்றரைச் சட்டி" என்று எழுதி சைட்டுக்கு அனுப்பிவிட்டாள். மேஸ்திரி அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த அரைச்சட்டியை யாருப்பா தூக்கிட்டு வர்றது, நீயா நானா?" என்று கேட்டு, சாரத்தில் நின்றவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான். கலவை கடைசியில் சரியாக நாற்பத்தொன்றரைச் சட்டிதான் ஆனது என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அவள் மட்டும் வைத்திருந்தாள்.

அந்த ஒரு தடவையைத் தவிர, பதினோரு வருஷம் அவள் மற்றவர்கள் போட்ட எஸ்டிமேட்டைத் தட்டச்சு மட்டும்தான் செய்தாள். செங்கல் எத்தனை, கம்பி எத்தனை டன், கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்று இன்னொருவர் எழுதித் தருவார், இவள் அடித்துக் கொடுப்பாள். அடிக்கும்போதே தப்பு கண்ணில் படும். பீம் இரண்டு சந்திக்கிற மூலையை இரண்டு தடவை எண்ணியிருப்பார். ஜன்னல் ஓட்டையைக் கழிக்க மறந்திருப்பார். இவள் ஓசைப்படாமல் திருத்திவிடுவாள். அவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு, முதலாளி இவளைக் கூப்பிட்டு ஒரு நூலகத்தின் வாசிப்புக்கூடத்து வரைபடத்தை மேஜைமேல் விரித்தார்.

"கூரைத் தளத்துக்கு எவ்வளவு கான்கிரீட்னு போட்டுக் குடும்மா. பாப்போம்."

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து போட்டாள். பதினைந்து மீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் கனம். கூடத்தை நான்கு கட்டமாகப் பிரிக்கிற மூன்று குறுக்குப் பீம், சுற்றிலும் ஓடுகிற பீம். மூலைகளை ஒரு தடவை மட்டும் எண்ணி, சேதாரத்துக்கு நூற்றுக்கு இரண்டு சேர்த்து, முப்பத்தாறு கன மீட்டர் என்று எழுதினாள். கான்கிரீட் ஆலையிலிருந்து வருகிற லாரி ஒன்றுக்கு ஆறு கன மீட்டர் பிடிக்கும். ஆக ஆறு லாரி.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம கம்பெனில எப்பவும் ஒரு லாரி கூட வாங்குறது வழக்கம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பாதித் தளத்துல கான்கிரீட் தீந்து, ஒட்டுப் போட்ட இடத்துல இன்னைக்கும் ஒழுகுது. தெரியும்ல?"

"தெரியும் சார். அதுக்கப்புறம் ஒவ்வொரு தளத்துக்கும் மிஞ்சுனதை எங்க கொட்டுறோம்னும் தெரியும். கெடங்குக்குப் பின்னாடி போய்ப் பாருங்க, ஒரு மலையே நிக்குது."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "சரி. ஆறுன்னே வச்சுக்க. ஏழாவது லாரி தேவைப்பட்டா ஆலைக்குப் பதினோரு மணிக்குள்ள சொல்லியாகணும். நீ சொன்னேன்னா, திங்கக்கிழமை எஸ்டிமேட் போடப் புது ஆள் வந்து அந்த நாற்காலில உக்காருவார். ஏற்கெனவே பேசி வச்சிருக்கேன். நீ பழையபடி தட்டச்சுக்குப் போயிடலாம். சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், காகிதத்தை மறுபடி முதலிலிருந்து கூட்டிப் பார்த்தாள்.

கான்கிரீட் போடுகிற நாள் விடிந்தபோது அவளுக்கு இட்லி இறங்கவில்லை. கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், "ஏழுன்னு சொல்லிட்டு நிம்மதியா இரேம்மா, உனக்கு என்ன போச்சு?" என்றாள். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்கினார். அவர் தையல்காரர். துணியில் ஒரு விரல்கடை வீணானாலும் அன்றைக்குத் தூக்கம் வராத ஜாதி.

"ஏன் ஏழுன்னு சொல்லணும்? அந்தத் தொப்பைக்காரர் கதைதான்" என்று ஆரம்பித்தார்.

"ஐயோ அப்பா!" என்று மகள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த வீட்டில் நூறு தடவை கேட்ட கதை அது. ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்து சண்டை பிடித்தாராம். அதே இரண்டு மீட்டர் துணியில் போன வருஷம் முழுக்கைச் சட்டை வந்தது, இந்த வருஷம் அரைக்கைச் சட்டைதான் வந்திருக்கிறது, மிச்சத் துணி எங்கே என்று. இவர் ஒன்றும் பேசாமல் நாடாவை எடுத்து அவர் வயிற்றைச் சுற்றினாராம்.

"துணி எங்கயும் போகல சார், எல்லாம் உங்க மேலதான் இருக்குன்னேன்" என்று முடித்து, வழக்கம்போலத் தானே சிரித்தார். அப்புறம் இழுப்பறையிலிருந்து துணியில் கோடு போடுகிற சிவப்புச் சாக்கட்டியைப் புதிதாக ஒன்று எடுத்து அவள் கையில் வைத்தார். "தளத்துல அளவு குறிக்கணும்னியே. இதை வச்சுக் கோடு போடு."

சாக்கட்டியால் கோடு போடுவதுதான் அவளுடைய சொந்த வேலைமுறை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தளத்தின் ஓரப்பலகையில், ஒவ்வொரு லாரியும் எதுவரைக்கும் வரவேண்டும் என்று கணக்குப் போட்டு, சிவப்புக் கோடு இழுத்து, பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாள். ஒரு கட்டத்துக்கு ஒன்றரை லாரி. மூன்றாவது லாரி நடுப்பீமில் முடியவேண்டும். ஆறாவது லாரி கடைசி மூலையில்.

மேஸ்திரி இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தார். "என்னம்மா இது, பஸ் ஸ்டாப்பா? ஒவ்வொரு இடத்துலயும் நின்னு போகணுமா?"

"நின்னு போங்கண்ணே. தாண்டியும் போக வேண்டாம், முன்னாடியே இறங்கவும் வேண்டாம்."

மேலே பதினைந்து பேர் சிரித்தார்கள். கீழே, தளத்தைத் தாங்குகிற முட்டுக் காட்டுக்குள், பலகையும் முட்டும் அடிக்கிற சென்ட்ரிங் ஆட்கள் எட்டுப் பேர் சுத்தியலோடு நின்றார்கள். கான்கிரீட் விழும்போது பலகை இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகினால் அடைக்க, ஆப்பு தளர்ந்தால் இறுக்க அவர்கள் வேண்டும். சென்ட்ரிங் தலைவர் பேச்சில் சிக்கனமானவர். காலையிலேயே அடியில் நூல் பிடித்து, மட்டம் சரி என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கீழே நின்ற பம்ப், குழாய் வழியாகக் கான்கிரீட்டை மேலே தள்ளியது. முதல் லாரி முதல் கோட்டுக்கு அரைச் சாண் முன்னால் முடிந்தது. இரண்டாவது, கோட்டின் மேலேயே முடிந்தது. மூன்றாவது லாரி நடுப்பீமை நிரப்பி, மட்டப்பலகை இழுத்து முடித்தபோது, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டரைப் பிடித்திருந்தவர் குனிந்து கோட்டைப் பார்த்துவிட்டு, "அட!" என்றார். மேஸ்திரி மட்டும் பார்க்காததுபோல் தலையைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு உள்ளூரக் குதிக்கவேண்டும் போலிருந்தது. வெளியே முகத்தை அரசாங்க அலுவலகம் மாதிரி வைத்துக்கொண்டாள்.

நான்காவது லாரியில்தான் மூக்கு உடைந்தது. பம்ப் இருமி, குழாய் காலியானபோது, மூன்றாவது கட்டத்தில் கான்கிரீட் நான்காம் கோட்டைத் தொடவில்லை. ஒரு முழம் குறைந்தது. முழுசாக ஒரு முழம். கம்பி வலை வெறுமையாகக் கிடந்தது, அதற்கு அந்தப்பக்கம் சிவப்பாக நான்கு என்ற எழுத்து தெரிந்தது. அவள் கையிலிருந்த காகிதத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், கீழிருந்து மேலாகப் பார்த்தாள். கூட்டல் சரி. பெருக்கல் சரி.

மேஸ்திரி சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மனுஷர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, மணி ஒம்பதரைதான் ஆகுது. ஆலைக்கு நானே போன் பண்ணி ஏழாவது லாரிக்குச் சொல்லிடறேன். குழாய் அடைச்சுக் கொஞ்சம் வீணாப் போச்சுன்னு முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன். பழி என்மேல இருக்கட்டும். உன் நாற்காலி போகக்கூடாது."

நல்ல மனுஷர். அந்த நிமிஷத்தில் அவர் கையைப் பிடித்து அழுதுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்தாவது லாரி கீழே வந்து நின்று, தன் பெரிய உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆனால் அவள் சொல்லவில்லை. கர்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கர்வம்தான், வேறென்ன? தன் கணக்கு தப்பு என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. மூன்று கோட்டில் பிசகாத கணக்கு நாலாவதில் மட்டும் ஏன் பிசகும்? லாரி அதே லாரி. லாரியோடு வந்த சீட்டைப் பார்த்தாள், ஆறு கன மீட்டர். குழாயில் அடைப்பில்லை, ஓரத்தில் சிந்தவில்லை. அப்படியென்றால் முக்கால் கன மீட்டர் கான்கிரீட் எங்கே? அவ்வளவு கான்கிரீட்டை யாரும் மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது.

எங்கேயும் போகவில்லை. இதன் மேலேதான் இருக்கிறது. தளம் பெருத்திருக்கிறது.

"அண்ணே," என்றாள். "பம்பை நிறுத்தச் சொல்லுங்க. எனக்கு ஒரு கம்பித் துண்டு வேணும்."

"எதுக்கும்மா? லாரி நிக்குது."

"நிக்கட்டும்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்குக் கட்டுப்பட்டு அவர் கையைத் தூக்கினார். பம்ப் நின்றது. அவள் ஒரு முழக்கம்பியில் பதினைந்து சென்டிமீட்டருக்குச் சாக்கட்டியால் கோடு போட்டாள். கம்பி வலையில் கால்வைத்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதல் கட்டத்தின் ஈரக் கான்கிரீட்டில் குத்தினாள். கோடுவரைக்கும் இறங்கி, பலகையில் இடித்து நின்றது. இரண்டாவது கட்டத்திலும் அப்படியே. மூன்றாவது கட்டத்தில் ஓரத்தில் குத்தினாள். பதினேழு. இரண்டெட்டு உள்ளே வைத்துக் குத்தினாள். பத்தொன்பது. நடுவில் கையை நீட்டிக் குத்தியபோது சிவப்புக் கோடு கான்கிரீட்டுக்குள் மூழ்கிப்போய்விட்டது. எடுத்து அளந்தாள். இருபத்தொன்று.

மேல்பக்கம் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மட்டமாக இருந்தது. மேலே நூலுக்குச் சமமாகப் பரப்பிக்கொண்டே போனார்கள். அடியில் பலகை இறங்க இறங்க, கான்கிரீட் அந்தப் பள்ளத்தை ஓசையில்லாமல் நிரப்பிக்கொண்டே போயிருக்கிறது. யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அவள் கணக்குக்கு மட்டும் தெரிந்தது.

மேஸ்திரி கம்பியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. முட்டு இறங்குகிறது என்றால் என்ன அர்த்தம் என்று முப்பது வருஷம் தளம் போட்டவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அதற்குமேல் அவர் ஒரு நொடி வீணாக்கவில்லை.

"மூணாவது கட்டத்துல நிக்கிறவன் எல்லாம் பீம் மேல வா! மெதுவா! குதிக்காத!" என்று மேலே கத்திவிட்டு, ஓரத்துக்கு ஓடிக் கீழே குனிந்தார். "சென்ட்ரிங்! எல்லாரும் வெளிய வாங்க! கையில இருக்கிறதை அங்கயே போட்டுட்டு வெளிய வாங்க!"

அவள் ஓரப்பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொருவராக வெயிலுக்கு வந்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது ஆள் வரவில்லை. அப்புறம் சென்ட்ரிங் தலைவர், கதவைப் பூட்டிவிட்டு வருகிறவர் மாதிரி, கடைசியாக, நிதானமாக வெளியே வந்தார். முழங்கால்வரை சேறு.

"முட்டோட அடிப்பலகை சேத்துல இறங்குது" என்று மேலே பார்த்துச் சொன்னார். "கழிவுக்குழாய் போட்டு மூடின பள்ளம். காலைல பலகை நனைச்ச தண்ணி எல்லாம் அங்கதான் போய் நின்னிருக்கு. நான் அந்தப் பக்கம் நின்னேன், இது கண்ணுல படல." அன்றைக்கு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மேஸ்திரி இன்ஜினியருக்குப் போன் செய்தார். அவர் முதலாளியோடு காரில் வந்துகொண்டிருந்தார். கால்மணி நேரத்தில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். இன்ஜினியர் வெளியே நின்றே அடியைப் பார்த்தார், கம்பியை வாங்கிக் குத்திப் பார்த்தார், பிறகு வேலை பறந்தது. பீமுக்குப் பீம் நீளப் பலகை போட்டு, அதன்மேல் நின்றுகொண்டு, இறங்கின இடத்துக் கான்கிரீட்டைச் சட்டி சட்டியாக அள்ளினார்கள். அள்ளினதை வீணாக்காமல், முட்டு உறுதியாக இருந்த நான்காவது கட்டத்து ஓரத்தில் கொட்டிப் பரப்பினார்கள். பாரம் குறைந்தபின் சென்ட்ரிங் தலைவரும் இன்ஜினியரும் உள்ளே போனார்கள். சேற்றின்மேல் கனமான இரும்புத் தகடுகளைக் குறுக்கே போட்டு, அதன்மேல் புது முட்டு நிறுத்தி, ஜாக்கியைச் சுற்றிச் சுற்றிப் பலகையை விரல் விரலாக மேலே ஏற்றினார்கள். தலைவர் அடியில் மறுபடி நூல் பிடித்தார்.

"மட்டம்."

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். அப்போது அவர் போன் அடித்தது. ஆலையிலிருந்துதான். மணி பதினொன்று ஆக ஐந்து நிமிஷம் இருந்தது.

"ஏழாவது லாரி வேணுமான்னு கேக்குறான்" என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். "இப்பச் சொன்னா நான் குத்தமா எடுத்துக்க மாட்டேன். இவ்வளவு கலாட்டா ஆயிருக்கு. அள்ளினது, கொட்டினது. சொல்லிடட்டுமா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சட்டி பிடித்தவர்கள், வைப்ரேட்டர் பிடித்தவர், பம்ப்காரர், மேஸ்திரி. அவள், அள்ளும்போது எத்தனை சட்டி சிந்தியது, பலகையில் எவ்வளவு ஒட்டியது என்று மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"வேண்டாம் சார். வெளிய எதுவும் போகல. எல்லாம் இதுமேலதான் இருக்கு. ஆறு போதும்."

முதலாளி பொத்தியிருந்த கையை எடுத்து, "வேண்டாம்ப்பா" என்று போனை வைத்தார்.

ஐந்தாவது லாரி ஏறியது. மூன்றாவது கட்டம் நிரம்பியது. அவள் கம்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் குத்திக்கொண்டே வந்தாள். பதினைந்து, பதினைந்து, பதினைந்து. மேஸ்திரி ஒவ்வொரு தடவையும் "எவ்வளவு?" என்று கேட்டார், கேலியில்லாமல். ஐந்தாவது லாரி ஐந்தாம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போய் நின்றது. யாரோ கைதட்டினார்கள். "இன்னும் இருக்குடா, வேலையைப் பாரு!" என்று மேஸ்திரி அதட்டினார். ஆனால் அவரே ஆறாவது கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது லாரி வந்தது. கான்கிரீட் கடைசிக் கட்டத்தில் நகர்ந்து நகர்ந்து போனது. இரண்டு மீட்டர் பாக்கி. ஒன்றரை. பம்ப்காரர் கீழிருந்து, "உருளையில கொஞ்சம்தான் இருக்கு!" என்று கத்தினார். ஒரு மீட்டர். முதலாளி செருப்போடு கம்பிமேல் ஏறி நின்றுவிட்டார், அவரை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அரை மீட்டர். குழாய் ஒரு தடவை குலுங்கி, கடைசிக் கவளத்தைத் துப்பியது. மட்டப்பலகை மூலைக்கு வந்தது. ஆறு என்று எழுதியிருந்த சிவப்புக் கோட்டின்மேல் கான்கிரீட் பால் வழிந்து, எழுத்தை மூடியது.

அப்போது கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம்! பதினைந்து பேரும் சட்டியைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள். கீழேயிருந்து சென்ட்ரிங் ஆட்கள் தரையில் கிடந்த மிச்சக் குழாயில் சுத்தியலால் அடித்தார்கள். வைப்ரேட்டர்காரர், "அரைச்சட்டி அக்கா!" என்று கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, அதையும் துடைக்கவில்லை. அன்றைக்கு அந்தச் சந்தோஷத்தை அவள் யாருக்கும் ஒளிக்கவில்லை.

மேஸ்திரி பம்ப் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வந்தார். "உங்க கணக்குல தப்பு இருக்கும்மா. எட்டுச் சட்டி மிச்சம்."

"சேதாரம்னு நூத்துக்கு ரெண்டு போட்டேன்ணே. நீங்க சேதாரமே பண்ணாம விட்டா நான் என்ன செய்ய?"

"இதை எங்க கொட்டட்டும்? கெடங்குக்குப் பின்னாடியா?"

"கழிவுக்குழாய்ப் பள்ளத்துக்கு வெளி ஓரத்துல ஒரு கரை கட்டுங்க. இனிமே அங்க தண்ணி போகக் கூடாது."

முதலாளி செருப்பில் ஒட்டிய கான்கிரீட்டைப் பலகையில் தேய்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியைப் பார்த்து, "ஏன்யா, காலைல குறைஞ்சப்ப ஏழாவது லாரிக்குச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"நான் சொல்லச் சொன்னேன் சார். பழியை நான் ஏத்துக்கறேன்னுகூடச் சொன்னேன். சொல்லியிருந்தா ஊத்திக்கிட்டே இருந்திருப்போம், அது இறங்கிக்கிட்டே இருந்திருக்கும். ஏழாவது லாரி வந்து சேர்ந்தப்ப, அதுல இருக்கிறதை வாங்கிக்க இங்க தளமும் இருந்திருக்காது, கீழ ஆளும் இருந்திருக்காது."

முதலாளி அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். தயாரித்தவர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. பதினோரு வருஷமாக அந்த இடத்தில் அவள் வேறு ஒருவர் பெயரைத்தான் அடித்திருக்கிறாள். பேனாவை நீட்டினார்.

"எழுதும்மா. திங்கக்கிழமை யாரும் வரப்போறதில்லை. வர்ற கட்டடம் எல்லாம் உன் கணக்குதான்."

"ஒரு லாரி கூட வாங்குற வழக்கம், சார்?"

"அதைப் பத்தி இனிமே எவனாவது பேசட்டும், பாக்குறேன்!"

கையில் கான்கிரீட் காய்ந்திருந்ததால் கையெழுத்து கோணலாக விழுந்தது. பரவாயில்லை, படிக்க முடிந்தது. மேஸ்திரி சாக்கட்டித் துண்டைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த தளத்துக்கு நானே ஞாபகமா எடுத்துட்டு வர்றேன். கோடு போட்டாத்தான் பம்பைத் தொட விடுவேன்" என்றார்.

அவள் ஏணியில் இறங்கியபோது சென்ட்ரிங் ஆட்கள் நிழலில் வரிசையாக உட்கார்ந்து, ஒரே குடத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களுக்கு முன்னால் நின்று, உதடு அசைய, ஒன்றிலிருந்து எண்ணினாள்.

தலைவர் சேறு காய்ந்த காலை நீட்டிக்கொண்டே பார்த்தார். "என்னம்மா எண்ணுற?"

"எட்டுப் பேர் இருக்கணும். இருக்கீங்களான்னு பாத்தேன்."

"இருக்கோமா?"

"இருக்கீங்க" என்றாள் அவள். பிறகு குடத்தை வாங்கி, அவளும் குடித்தாள்.